கம்பி உள்ளே இறங்கிய பிறகு

என் கண்ணு,

உடம்பு எப்படிம்மா இருக்கு? இங்க நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், மனசைப் பத்தி மட்டும் கேக்காதே. போன வாரம் உன் தம்பி பட்டறையில மெஷின் கம்பி அறுந்துடுச்சு. மலிவு விலை சோலார் பேனல் செய்யறவங்களுக்கு சிலிக்கான் கட்டியைக் காகிதம் மாதிரி வில்லை வில்லையா அறுத்துக் கொடுக்கறானே, அதுல அறுக்கறது கம்பி இல்லையாம், கம்பி மேல ஊத்தற எண்ணெயில கலந்திருக்கற பொடிதானாம். செலவு மிச்சமாகும், இன்னும் ஒரு தடவை ஓட்டிக்கலாம்னு இவன் பழைய எண்ணெயையே ஊத்தித் தொலைச்சுட்டான். பொடி மழுங்கிப் போயி, கம்பி பாதிக் கட்டியில சிக்கி பட்டுனு தெறிச்சுது. நான் கழுவி அடுக்க வேண்டிய வில்லையெல்லாம் சில்லு சில்லா முறத்துல வாரிக் கொட்டினேன்.

அன்னியிலேருந்து அவன் சரியா சாப்பிடறதில்ல, பேச்சுக் கொடுத்தா எரிஞ்சு விழறான். உங்கப்பா தைரியம் சொல்லப் போயி, சும்மா இருங்கப்பான்னு வாங்கிக் கட்டிக்கிட்டாரு. இப்போ பட்டறையில பெருக்கின தரையையே திரும்பத் திரும்பப் பெருக்கிட்டிருக்காரு, வீட்டுல ஒருநாளாவது துடைப்பத்தைத் தொட்டிருப்பாரா மனுஷன்!

இன்னிக்குக் காலையில கைவசம் இருந்த கடைசிக் கட்டியை ஏத்தியிருக்கான். புது எண்ணெய்தான். இதுவும் போச்சுன்னா பட்டறையை இழுத்து மூடிடுவேன், அப்புறம் என்னை யாரும் தேடாதீங்கன்னு சொல்லிட்டான். கம்பி உள்ள இறங்கிட்டா சாயங்காலம் வரைக்கும் யாரும் ஒண்ணும் செய்ய முடியாதாம், நடுவுல நிறுத்தினாலும் வில்லையில கோடு விழுந்து அத்தனையும் வீண்தானாம். பிள்ளை வாசப்படியில ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கான். நான் கழுவற தொட்டிகிட்ட உக்காந்து இதை எழுதறேன். பெத்தவளா இருந்து என்ன பிரயோஜனம், ஒரு வாய் டீ கூடக் குடிக்க வைக்க முடியலையே.

இது உன் கைக்கு வர்றப்போ நல்லதோ கெட்டதோ முடிஞ்சிருக்கும். எப்படியானாலும் உடனே அவனுக்கு போன் போடு. மெஷினைப் பத்திக் கேக்காதே, நான் எழுதினேன்னும் சொல்லாதே. சாப்பிட்டியாடான்னு மட்டும் கேளு, அக்காகிட்டதான் அவன் அழுவான். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிர்ல ஈரத்தலையோட வெளிய போகாதே. ஒரு குறையும் இல்லாம நல்லா இரும்மா.

இதை மடிக்கப் போனேன், அதுக்குள்ள அவன் திரும்பிப் பாக்காமலே கேக்கறான், சத்தம் மாறுதாம்மான்னு. கம்பி திணறினா சத்தம் மாறுமாம். இல்லடா, அப்படியேதான் இருக்குன்னு சொல்லிட்டேன்.

மாறிடுச்சு கண்ணு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கற
அம்மா