முள் கிழித்ததாகச் சொன்ன சேலை

மதினி, உங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. நம் காரின் முன்சக்கரத்துக்கு உள்ளேயிருந்து கிடைத்த சேலைக் கரைத் துண்டு ஒன்று என் மடியில் கிடக்கிறது. கிரீஸ் வாடையும் கரிசல் மண் வாடையும் கலந்து அடிக்கிறது. ஒரு ஓரத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். மயில்கழுத்து நிறம் எட்டிப் பார்த்தது. உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் போன பிறகு வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். இத்தனை காலம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதையளந்து வந்தவள், இப்போது உங்கள் இருக்கையில். இந்த ஐப்பசி மழை விழுந்ததும் ஸ்டீரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு குட்டிக் கார், அதன் பின்னால் நெளிநெளியாக இரண்டு தடம். வண்டி வழுக்கினால் தானே பிடித்து நேராக்குகிற ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். மழைக்காலத்தில் டிராக்டர்கள் தார்ச்சாலை நெடுக இழுத்துவிடுகிற சேறு உங்களுக்குத் தெரியாததா? நடந்து போனாலே வழுக்கும். விளக்கைப் பார்த்த அண்ணன், வெள்ளிக்கிழமை வண்டியைத் தள்ளிவிடுவதென்று தரகரிடம் சொல்லிவிட்டான். நான் மல்லுக்கு நின்றேன். இந்த வண்டி போனால் நாம் இரண்டு பேரும் சிரித்துக் கிடந்த இடமே போய்விடும் மதினி. அண்ணனுக்கோ வேறு பயம். உங்களைக் கொண்டுபோனது காய்ச்சல்தான், வண்டி என்ன செய்தது என்று கேட்டுவிட்டேன்.

“அவளத்தான் காப்பாத்த முடியல. ஒன்னையும் ரோட்டுல விட்டுட்டு நான் என்னட்டி செய்ய?” என்றான்.

கோவில்பட்டியில் வழக்கமாக விடுகிற பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணாச்சி ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். இடது முன்சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்கிற சென்சாரிடமிருந்து தகவல் விட்டுவிட்டு வருகிறது என்றார். சேறு அப்பியிருக்கும் என்று துடைத்து, விளக்கை அணைத்து அனுப்பினார். கழுகுமலை போய்த் திரும்புவதற்குள் அது மறுபடி முழித்துக்கொண்டது.

வியாழக்கிழமை திரும்பவும் போய் நின்றேன். எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிற பெட்டியிலேயே கோளாறு இருக்கலாம், மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை, தரகர் வந்துவிடுவார். விளக்கு எங்கே எங்கே எரிந்தது என்று கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நேர்ச்சாலையில் ஒருநாளும் எரிந்ததில்லை. வலது பக்கம் ஸ்டீரிங்கை முழுசாக ஒடிக்கிற முக்குகளில்தான் எரிந்திருக்கிறது. “புடிச்சுக்கட்டி” என்று சொல்லி என்னைக் கதவோடு சாய்ப்பீர்களே, அதே முக்குகள்! இதைச் சொன்னதும் அண்ணாச்சி முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

“அப்பம் வயருதான் எங்கயோ விடுது. நீங்க உள்ள உக்காந்து மெதுவா ஒடிங்க, நான் சக்கரத்தச் சுத்துதேன்” என்று ஜாக்கியை வைத்துத் தூக்கினார்.

அவர் கையால் சுற்றச் சுற்ற ஸ்கேனரில் வேகம் தெரிந்தது. வலது ஓரம் வரை ஒடித்தேன். பட்டென்று ஒன்றுமில்லாமல் போனது. திருப்பினேன், வந்தது. பரீட்சையில் பாஸானபோதுகூட என் நெஞ்சு இப்படி அடித்ததில்லை மதினி. அண்ணாச்சி போதும்மா, போதும்மா என்கிற வரைக்கும் ஒடித்து ஒடித்துப் பார்த்தேன்.

டயரைக் கழற்றினார். சென்சார் வயரைப் பிடித்து வைக்கிற கிளிப் என்றைக்கோ உடைந்திருக்கிறது. வயர் தொங்கி, டயரில் உரசி, தோல் உரிந்து கிடந்தது. அதற்கு மேலே சேற்றோடு சேறாக இந்தத் துணி. கிளிப்புக்குப் பதிலாக யாரோ துணியால் கட்டியிருக்கிறார்கள், அது இற்று இப்போதுதான் விட்டிருக்கிறது என்றார். யாராக இருந்தாலும் நல்ல கட்டு என்று பாராட்டு வேறு.

யாராக இருந்தாலுமா? நாகலாபுரத்தில் சித்தி புஞ்சையிலிருந்து மழையோடு திரும்பினோமே, அந்த நாள் எனக்கு அப்படியே எழுந்து வந்தது. கரிசல் சேறு அப்பி அப்பிச் சக்கரமே சுற்ற மாட்டேனென்று நின்றது. மாட்டுவண்டிக்குச் செய்கிற மாதிரி களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். காருக்குக் களைக்கொத்தி போடாதே என்று அண்ணன் படித்துப் படித்துச் சொன்னது உங்கள் காதில் ஏறியதா? “சேத்தோட ஊருக்குள்ள போவக் கூடாதுட்டி, வண்டிக்கும் மானம் இருக்கு” என்று குத்தினீர்கள். டக்கென்று ஒரு சத்தம். என்ன என்றேன், கல் என்றீர்கள். என்னைக் கம்மாயில் தண்ணீர் மொண்டு வர அனுப்பினீர்கள். வந்து பார்த்தால் உங்கள் மயில்கழுத்துச் சேலையின் முந்தானைக் கரை கிழிந்திருந்தது. வேலிமுள் கிழித்துவிட்டது என்றீர்கள். அந்த வெட்டவெளிப் புஞ்சையில் வேலி ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கள்ளி!

பட்டறையில் நான் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி பயந்துபோனார். பாதியில் அழுகையும் வந்துவிட்டது, என்ன செய்ய?

வயரோடு புதுச் சென்சார், புதுக் கிளிப் எல்லாம் போட்டார். கிளிப்புக்குப் பக்கத்தில் இதையும் கட்டுங்கள் என்று என் முந்தானையில் ஒரு ஓரத்தைக் கிழித்து நீட்டினேன். தேவையில்லையே என்றார். கிடக்கட்டும் என்றேன்.

சாயங்காலமே அண்ணனை ஏற்றிக்கொண்டு ஈரச்சாலையில் எட்டயபுரம் பக்கம் போனேன். பக்கத்து இருக்கையில் அவன் விளக்கு இருக்கிற இடத்தையே வெறித்துக்கொண்டு வந்தான். வலது முக்கில் முழுசாக ஒடித்தேன். எரியவில்லை. இன்னொரு முக்கிலும் எரியவில்லை. ஒரு கிளிப் உடைந்திருந்தது, மாற்றியாயிற்று என்று மட்டும் சொன்னேன். எப்படி உடைந்தது என்று அவன் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, தரகருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றான். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. என் முந்தானையைப் பார்த்தான்.

“சேல எங்கட்டி கிழிஞ்சுது?”

“வேலிமுள்ளு கிழிச்சிட்டுண்ணே” என்றேன், மதினி.