ஊரிகம் கல்லறை ஆவாரைக்கு ஒரு வண்டுத் தூண் வேண்டி

அனுப்புநர்:
சா. ஏசுபாதம், முட்டுமர மேஸ்திரி, ஊரிகம் லைன்.

பெறுநர்:
மேன்மை தங்கிய தங்கச் சுரங்க சூப்பரிண்டெண்டு துரை அவர்கள்.

பொருள்: மூடிய ஷாப்டுக் குழி வாசலில் நிற்கும் உளுத்த தூண் ஒன்றை பாய்லரில் எரிக்காமல் எனக்குத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சுரங்கத்தைத் தாங்கும் மரங்களை விரல் முட்டியால் தட்டி, ஓசை கேட்டு, நல்லது கெட்டது பிரிப்பது என் வேலை. பதினோரு வருஷமாக என் காது தவறியதில்லை. ஆனாலும் இந்தப் புகார் வேறு யார் மீதும் அல்ல, என் காதின் மீதே.

2. என் மனைவி ரத்தினம்மா வாந்திபேதியில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. வேலூர்ப் பக்கமிருந்து வந்தபோது எங்கள் மலையடிவாரத்து ஆவாரை விதைகளை முந்தானையில் முடிந்து வந்தாள். மிஞ்சியிருந்த ஒன்றை அவள் தலைமாட்டில் ஊன்றினேன். ஆவாரை ஊரெங்கும் கிடக்கிறதே என்று ஓவர்சீயர் சிரித்தார். கிடக்கிறது. அவள் முடிந்து வந்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

3. ஆவாரம்பூவின் தூள் எளிதில் உதிராது. பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உறுமினால்தான் கொட்டும். அதை வண்டு அடுத்த பூவுக்குச் சுமந்தால்தான் காய் பிடிக்கும். "இன்னா உறுமு உறுமுது பாருங்க, உங்க சுரங்கக் கூண்டு மேல ஏர்ற மாதிரியே" என்பாள். அந்தச் சத்தம் கேட்கவே ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போய்வந்தேன்.

4. சென்ற மாசியில் கல்லறை வேலித் தூண்களைச் சோதிக்கச் சொன்னார்கள். தட்டினேன், உள்ளே பொள்ளல். ஓட்டைகளைத் தார் பூசி அடைத்தேன். வேலை முறைப்படி சரி. அது வண்டுகளின் வீடு என்று எனக்குத் தெரியவில்லை. அதுமுதல் செடி பூக்கிறது, உதிர்கிறது, ஒரு காய் இல்லை. கோழி இறகால் தடவிப் பார்த்தேன், தூள் வரவில்லை. வேரில் கறையான் வேறு ஏறிவிட்டது. இவ்வருஷம் விதை எடுக்காவிட்டால் பிறகு செடியே இராது.

5. நேற்று, ஷாப்டு வாசலில் எரிக்கக் குறியிட்ட அந்தத் தூணைத் தட்டினேன். உள்ளிருந்து அதே வண்டு உறுமல் வந்தது. ஐயா, அவளை அடக்கம் செய்த அன்றும் அழாதவன், தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

6. திங்கட்கிழமை அது பாய்லருக்குப் போகிறது. உத்தரவானால், அந்தியில் வண்டுகள் அடைந்தபின் ஓட்டைகளைத் துணியால் மூடி, என் தோளிலேயே சுமந்து போய் அவள் அருகில் நட்டுக்கொள்கிறேன். உளுத்த மரத்துக்கு மனுவா என்று தோன்றினால், எரிக்கச் சொல்லும் முன் ஒரே ஒருமுறை அதைத் தட்டி, காது வைத்துக் கேட்கும்படி கெஞ்சுகிறேன்.

ஊரிகம்,
14 அக்டோபர் 1902.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
சா. ஏசுபாதம்