மாஜியின் ஸ்பீக்கர்கள்

மார்ச் 3

குளியலறைக்குப் போகிற வழியில் இன்றும் இடித்துக்கொண்டேன். இடது ஸ்பீக்கர். நேற்று வலது. இடுப்புக்கு மேல் உயரம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். இந்தச் சின்ன ஹாலில் இரண்டும் வசூலுக்கு வந்த ஆட்கள் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கின்றன. விவாகரத்தில் பாகம் பிரித்த லட்சணம் இது: ஆம்ப்ளிஃபயர் மாஜி புருஷனுக்கு, ஸ்பீக்கர் எனக்கு. அதாவது இரண்டு பேருக்கும் பாட்டு கிடையாது.

இவற்றைத் தள்ளிவிட்டு எனக்குத் தகுந்த மாதிரி நல்லதாக ஒரு ஜோடி வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் எது நல்லது என்று யார் சொல்வது?

மார்ச் 5

டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முனகிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் செய்வது என் வேலை. கொட்டாவிக்கு நடுவே ஒருவர் என்ன சொன்னார் என்று ஆபீஸே முழித்தால், கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். என் காதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

வீட்டில் மட்டும் எனக்குக் காது கிடையாது. இந்த ஸ்பீக்கர்கள் வந்த அன்று மாஜியும் அவன் கூட்டாளிகளும் கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்தார்கள். "பாடுறவ நடுவுல நிக்கலையே, என் பின்னந்தலைக்குப் பின்னாடி எங்கேயோ நின்னு பாடுறாளே" என்றேன். "அதுதான் சத்தத்தோட விரிவு. உனக்குக் காது கிடையாது, விடு" என்றான் மாஜி. எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடி போட்ட கூட்டாளி கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அதற்கப்புறம் நான் எந்தப் பாட்டைப் பற்றியும் வாய் திறந்ததில்லை.

மார்ச் 8

கடைக்குப் போனேன். அலமாரியில் வைக்கிற அளவில் ஒரு ஜோடி. கேட்டதும் பிடித்துவிட்டது. உடனே பயமும் வந்துவிட்டது. கடைக்காரரிடம், "இது நல்லா இருக்குங்களா?" என்று நானே கேட்டேன். எனக்குப் பிடித்ததை அந்த மனுஷன் சொல்லணுமாம்! வெட்கக்கேடு. சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். முதலில் பெரியதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று சாக்கு.

மார்ச் 9

அக்கா போன். "அந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டுட்டு ஒரு பீரோ வாங்குடி."

மார்ச் 12

மாஜி போன். ஸ்பீக்கர்களை விலைக்குக் கேட்கிறான். "நீ சின்னதா ஏதாவது வாங்கிக்கோ. உனக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?" ஒரு நிபந்தனை வேறு: பின்னால் அவன் மாட்டிய கேபிளை யாரும் கழற்றக் கூடாது. கேபிள் பழகப் பழகத்தான் பாடுமாம், கழற்றினால் பழக்கம் விட்டுப்போய்விடுமாம். வாங்கிய நாளிலிருந்து இதே கதை. நான் இந்த வீட்டுக்கு மாறினபோதுகூட கேபிளைச் சுருட்டி ஸ்பீக்கர் முதுகிலேயே கட்டி அனுப்பினான். பெண்டாட்டியை விட்டாலும் விடுவான், கேபிளை விடமாட்டான்.

மார்ச் 14



ஆம்ப்ளிஃபயரை இணைப்பதற்கு முன் ஸ்பீக்கர்களின் பின்புறம் ஒட்டடை அடித்தேன். வலதில் சிவப்புக் கம்பி சிவப்பு முனையில், கறுப்பு கறுப்பில். இடதில் தலைகீழ். சிவப்பு கறுப்பில், கறுப்பு சிவப்பில். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருஷமும்! முதலில் அப்படியே போட்டுக் கேட்டேன். அதே பின்னந்தலைக்காரி. கம்பியை மாற்றினேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஜன்னலுக்கு முன்னால், வந்து நின்றாள். நின்று பாடினாள்.

அழுதேன். அவனுக்காக இல்லை, சத்தியமா இல்லை. அன்னைக்கே சரியாத்தானே சொன்னேன்? ஏன் அடங்கிப் போனேன்?

மார்ச் 15

அக்காவிடம் சொன்னதும் கத்தினாள்: "இதுதான்டி வேணும்! இதக் கைல வச்சுக்கிட்டு கடையில வேற வாங்குவியா?"

காலையிலிருந்து கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் பாடுகின்றன. கீழ்வீட்டுக்காரருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும், மேலே கட்டையால் தட்டினார். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஹாலில் பாட்டு என் மேல் ஏறி உட்காருகிறது. கடையில் கேட்ட சின்னதுதான் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 18

பணத்தைக் கொடுத்து ஸ்பீக்கர்களை எடுத்துப்போக மாஜி கண்ணாடிக்காரரோடு வந்தான். மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன்: "இடதுல கம்பி மாறியிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"கேபிள்ல கை வச்சியா?" முகம் கறுத்துவிட்டது. குனிந்து பார்த்தான். சிவப்புக் கம்பியை விரலால் தடவிக்கொண்டே முனை வரை போனான். பிறகு, "அது தெரிஞ்சேதான் அப்படி வச்சேன். உனக்குப் புரியாது" என்று சொல்லி, என் கண்ணெதிரிலேயே பழையபடி தலைகீழாக மாட்டினான். திருகாணியை முறுக்கி வேறு முறுக்கினான். நான் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்காரர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு தன் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

மார்ச் 21

சின்ன ஜோடி வந்தாயிற்று. கடையில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 29

கண்ணாடிக்காரர் போன் செய்தார். குரலை ஏன் தாழ்த்திக்கொண்டார் என்று முதலில் புரியவில்லை. "தங்கச்சி, நான் புது ஸ்பீக்கர் மாத்தலாமான்னு யோசிக்கிறேன். நீங்க ஒரு நாள் வந்து என்னோடதக் கேட்டுச் சொல்றீங்களா? அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வருகிறேன், ஆனால் நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றேன்.

"சரிங்க" என்றார்.