வலி தெரியாத காலை

திருச்சுழி

அன்பு மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா உயிருக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. போனில் பேசலாமென்றால் அவள் பிடுங்கி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று முடித்துவிடுகிறாள், அதனால்தான் தபால்.

கர்ப்பப்பை எடுத்தது உனக்குத் தெரியும், மறுநாள் நடந்தது தெரியாது. தையல் போட்டு முடித்த கையோடு வயிற்றுச் சதையில் நரம்பை மரக்கவைக்கும் ஊசி போட்டிருந்தார்கள், ஒரு நாள்வரை வலி தெரியாதாம். அது இறங்குமுன்பே மாத்திரை உடம்பில் ஏறிவிட வேண்டும், வலி வந்தபிறகு விழுங்கினால் சட்டென்று கேட்காது, தனியாக எழுந்திருக்கவும் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்கள். இவளும் தலையாட்டினாள். காலையில் பந்தல்குடியிலிருந்து உன் மாமியார் கட்டைப்பை நிறைய இளநீரோடு வந்தார்கள், நான் டீ வாங்கக் கதவுவரை போயிருப்பேன். சம்பந்தி நிற்கும்போது படுத்துக் கிடப்பதா என்று இவள் கட்டிலை விட்டு இறங்கிக் கும்பிட்டு, அவுக வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், குனிந்து அந்தப் பையையும் தூக்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் சேலையில் ரத்தம் இறங்குகிறது ப்ரியா, இவள் சிரித்த முகத்தோடு வீட்டுல அண்ணன் எப்படி இருக்காக, ஊருல மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். உக்காரு ஆவுடை என்றதற்கு, எனக்குத்தான் வலிக்கலையே, எதுக்கு இப்படி முழிக்கிறீக என்று என்மேல் எரிந்து விழுந்தாள். இன்னும் கண்ணை மூடினால் அந்தச் சிரிப்புதான் தெரிகிறது.

மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்த் தைத்தார்கள். மரத்தது நரம்புதான், புண்ணு புண்ணாத்தான் இருக்கு என்று டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார்கள். கட்டில் விரிப்பை மாற்றும்போது பார்த்தால் வலிதான் இல்லையே என்று இவள் விழுங்காமல் விட்ட மாத்திரைகள் தலையணைக்கடியில் அப்படியே கிடக்கின்றன. சாயங்காலம் மரப்பு விட்டது. உன்னைப் பெற்றபோதுகூடச் சத்தம் போடாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். வலி மாத்திரைக்குக் கேட்க வெகுநேரம் ஆனது.

இப்போது புண் ஆறி வருகிறது. காட்டில் கொத்தமல்லி பிடுங்க ஆள் கிடைக்கவில்லை, போனால் போகட்டும். தன்னால்தான் ஆனது என்று உன் மாமியார் அழுதபடி இருக்கிறார்கள், நீ ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இங்கே வர லீவு கேட்க மறக்காதே. ஏன் எழுந்தாய் என்று அன்றைக்கு அவளைக் கேட்டேன். சம்பந்தி முன்னால நான் படுத்திருந்தா எம்பிள்ளைய ஒரு சொல்லு சொல்லிருவாகள்ல என்றாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இன்னும் எழுந்துதான் நிற்கிறாள். நான் சொல்லிப் படுக்க மாட்டாள், நீ வந்து அவளைப் படுக்க வை.

இப்படிக்கு உன் அப்பா,
தங்கபாண்டி