பாச்சாவின் பெட்டிக்குள் காற்று

ஸ்ரீ:

சின்ன காஞ்சிபுரம்
11-6-2005

சௌபாக்யவதி லக்ஷணாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் பேரருளாளன் கிருபையில் க்ஷேமம், அங்கே நீயும் மாப்பிள்ளை அபிநவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். க்ஷேமம் என்று வழக்கப்படி எழுதிவிட்டேன், அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று முழுக்கப் படித்தபின் நீயே பார்த்துக்கொள். பாச்சாவின் கம்ப்யூட்டரை ஏன் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடக் கூடாதா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்புகிறேன். போன் இருப்பது அந்தக் கம்ப்யூட்டர் அறை வாசலில், அப்பா நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பார், என்னத்தைச் சொல்வது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி பாச்சா போய் இந்தப் பங்குனியோடு இரண்டு வருஷம். அந்தப் பெட்டி அவனே சென்னைக்குப் போய் ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து கூட்டினது, அதை என் பழைய புடவை ஒன்றால் மூடி வைத்திருந்தேன். தை மாதம் அப்பா புடவையை எடுத்தார். தான் சொல்லச் சொல்லப் பாச்சா டைப் அடித்த பாசுர வியாக்யானம் நானூறு பக்கம் அதற்குள் இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரப் போகிறேன் என்றார், எனக்கும் அவர் மனசுக்கு நல்லதுதான் என்று பட்டது. ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும், நான் சமையலறையில் இருந்தேன், அந்த அறையிலிருந்து பாச்சா மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. மிகைப்படுத்தவில்லை லக்ஷணா. வீசிங் வந்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், உள்ளே இழுக்கும்போது சன்னமாக ஒரு விசில், ஒரு நொடி நிறுத்தம், பிறகு கரகரவென்று வெளியே. அதேதான். என் கால் என்னைக் கேட்காமல் அலமாரிக்குப் போயிற்று, கை இன்ஹேலரைத் தேடிற்று, அங்கே பழைய மருந்துச் சீட்டுகள்தான் கிடந்தன. அறைக்குள் போனால் அப்பா திரையைப் பார்க்கவில்லை, குனிந்து மேஜைக்கடியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, 'கேட்டயோ?' என்றார். முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்த வாய் அல்லவா, 'ஃபேன்ல ஏதோ ஒரசறது' என்றேன்.

அன்றிலிருந்து தினம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அதைப் போட்டுவிடுவார். ஒரு வரி டைப் அடிப்பதில்லை, பக்கத்தில் மோடாவைப் போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். மாசி வரைக்கும் சத்தம் ஒரே சீராக இருந்தது. வெயில் ஏற ஏற அது மாறிற்று. மூன்று மணிக்கு மேல் மூச்சு வேகமாகும், விசில் கூர்மையாகும், நிறுத்தமே இல்லாமல் மேல்மூச்சு வாங்கும், நாலு மணி சுமாருக்கு டக்கென்று எல்லாம் நின்று திரை கறுத்துவிடும். பாச்சா போனதும் அந்த நேரம்தான், அந்தப் பெட்டி முன்னால் கிடக்கும் நாற்காலியில். அன்றைக்கு அப்பா ஊரில் இல்லை, தென்னேரியில் ஒரு சதாபிஷேகத்துக்குப் போயிருந்தார், அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்காததைத் தினமும் உட்கார்ந்து பார்க்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. நின்றுபோனதும் பத்து நிமிஷம் அசையாமல் இருப்பார், பிறகு மறுபடி ஸ்விட்சை அமுக்குவார், மறுபடி அதே. கோயிலில் பாசுரம் சேவிக்கிற சாயங்கால கோஷ்டிக்குப் போவதை விட்டார். நாற்பது வருஷமாகத் தவறாத மனுஷர் இந்த வருஷ கருடசேவைக்குக்கூட வாசலைத் தாண்டவில்லை, ஊரே தெருவில் நிற்கிறது, அவர் உள்ளே அந்தத் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, 'கொதிக்கறது ஸுபத்ரா, ஜுரம்' என்கிறார். மறுநாள் நான் பார்த்தபோது ஈரத் துண்டு ஒன்றைப் பிழிந்து பெட்டியின் மேல் போட்டு விசிறிக்கொண்டிருந்தார், ஒயர் தீய்கிற நாற்றம் கூடம் வரை வந்தது. துண்டைப் பிடுங்கினேன், மனுஷர் என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரோ.

அப்போதுதான் வடிவிடம் போனேன். உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தாளே, பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், இப்போது ரங்கசாமி குளம் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். பாச்சாவைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, சூடாகி அணைந்து போகிறது என்று மட்டும் சொன்னேன். அவள் வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் அப்பா குறுக்கே வந்து நின்றுவிட்டார். 'அவன் பூட்டின ஒயர், ஒருத்தரும் தொடப்படாது' என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அவளோ கோபித்துக்கொள்ளாமல் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்து, 'ஐயா, இதுக்குள்ள காத்து போவவே வழி இல்ல, மூச்சு முட்டிக்கினு கெடக்குது. இப்பிடியே வுட்டீங்கன்னா ஒருநா ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து பூடும், உள்ள இருக்கறது ஒண்ணும் மிஞ்சாது' என்றாள். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான். அப்பாவின் முகம் வெளிறிப் போயிற்று. நகர்ந்தார். தானே போய் டார்ச் லைட்டை எடுத்துவந்து அவளுக்குப் பிடித்தார்.

பக்கத்துத் தகரத்தைக் கழற்றினாள், உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஒயர்களெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சிக்குப் பிடித்துக் கிடந்தன. பாச்சா ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறான், சூட்டில் பிளாஸ்டிக் கட்டுகள் இற்று விட்டுப்போயிருந்தன. சாம்பல் நிறத்தில் பட்டையாக, கை அகலத்துக்கு ஒரு கேபிள் இருக்குமே, அது தொய்ந்து ஃபேனின் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது, இறக்கை உரசி உரசி அதன் ஓரம் பிசிறாகியிருந்தது. வடிவு அதை விரலால் தூக்கிக் காட்டி, 'சத்தம் இதாலதான் டீச்சர்' என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, கணக்குக்கு விடை வந்த மாதிரி இருந்தது. பிரஷ்ஷால் தூசியைத் தள்ளினாள், பிசிறான கேபிளை மாற்றினாள், புதிசை மடித்துப் பக்கச் சுவரோடு ஒட்டிவிட்டாள், மின்சார ஒயர்களைச் சேர்த்துப் பின்னால் கொண்டுபோய் இறுக்கிக் கட்டினாள், வேண்டாத ஒயர்களைச் சுருட்டி மேலே காலியாக இருந்த இடத்தில் செருகினாள். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நடுவில் ஒரு தெரு மாதிரி காலியாகிவிட்டது. முன்னாடி காத்து வரணும், பின்னாடி போவணும், நடுவுல எதுவும் நிக்கக்கூடாது, அவ்ளோதான் என்றாள். அப்பாவின் நானூறு பக்கத்தையும் ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தாள்.

அவள் போனபின் அப்பா ஸ்விட்சைப் போட்டார். மூன்று ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, விசில் இல்லை, கரகரப்பு இல்லை. மெல்லிசாக நீளமாக ஒரு காற்று மட்டும் பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. நாலு மணி தாண்டிற்று, நிற்கவில்லை. இடிந்து போவாரோ என்று நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து அந்தக் காற்றின் எதிரில் வைத்தார். 'பாரு, இப்ப நன்னா விடறான்' என்றார். அது வெறும் ஃபேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காற்று கதகதப்பாக இருந்தது. அன்றுதான் அப்பா முதல்முதலாக அழுதார், பாச்சாவுக்குக் காரியம் செய்த பதின்மூன்று நாளும் அழாதவர். அழுதுவிட்டு அணைத்தார், தூங்கட்டும் என்றார். மறுநாள் தலைக்கு ஜலம் விட்டுக்கொண்டு திருமண் இட்டுக்கொண்டு மூன்றரைக்கே கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். இப்போது தினம் போகிறார், பசித்துச் சாப்பிடுகிறார், காலையில் இரண்டு பக்கம் டைப் அடிக்கிறார். அப்பாவைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

இனிமேல் எழுதப்போவதை அபிநவுக்குக்கூடப் படித்துக்காட்டாதே. வடிவு வந்துபோன நாலாம் நாள் மத்தியானம் அப்பா கோயிலில், தெரு முழுக்கக் கரண்ட் இல்லை, பெட்டியின் பிளக்கைக் காலையிலேயே நான் பிடுங்கி வைத்திருந்தேன். ஆட்டுக்கல்லில் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். நாலு அடிக்கக் கொஞ்சம் முன்னால் அறைக்குள்ளிருந்து விசில் வந்தது. உள்ளே இழுத்தல், ஒரு நொடி நிறுத்தம், கரகரவென்று வெளியே. லக்ஷணா, அவன் போன அன்றைக்குக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன். கேட்டது. சமையலறையில்தான் இருந்தேன். எப்போதும் கேட்கிற சத்தம்தானே, அவனே மருந்து அடித்துக்கொள்வான், அரைக்கிற இந்த ஈடு ஆனபின் போகலாம் என்று இருந்துவிட்டேன். இந்தத் தடவை மாவுக் கையோடு எழுந்து போனேன். அறையில் யாரும் இல்லை, திரை கறுப்பாக இருந்தது, பிளக் தரையில் கிடந்தது. பெட்டி மட்டும் சுட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சின்னவனாக இருந்தபோது முதுகை நீவிவிடுவேனே, அப்படி நீவினேன். கால் மணியில் சத்தம் தணிந்து, நீளமாகி, அடங்கிற்று. தகரமும் ஆறிவிட்டது. மறுநாளும் வந்தது, மறுநாளும் போனேன். எனக்குப் பயமாக இல்லை. போகாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் பயம்.

ஆகையால் அதை யாருக்கும் கொடுக்கும்படி இனிமேல் கேட்காதே. அபிநவ் தன் பெட்டியைக் கம்பளத்தின் மேல் வைத்திருக்கிறார் என்றாயே, அதை மேலே எடுத்து வைக்கச் சொல், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து தூசி தட்டச் சொல், வடிவு அப்படித்தான் செய்யச் சொன்னாள். நீ வேளைக்குச் சாப்பிடு, சளி பிடித்தால் அலட்சியம் பண்ணாதே. பெருமாளும் தாயாரும் உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசும் நல்ல சந்தானமும் கொடுக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது மணி அடித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. அந்த தேசத்தில் உனக்கு விடிகாலை என்பது இங்கே மத்தியானம் நாலு மணி. அந்த நேரத்தில் மட்டும் கூப்பிடாதே குழந்தே, நான் பாதியில் எழுந்து வர முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஸுபத்ரா