உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டேன்

என் உடன்பிறவாத சேகர் அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. டொக்டரின் லேப்பில் உங்கள் கதிரை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அழுதுகொண்டு எழுத வேண்டிய கடிதம் இது. ஆனால் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன். உங்களிடம் நேரில் கேட்க முடியாமல் போனதை வேறு எப்படிக் கேட்பேன்?

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்த பிறகு உங்கள் மனைவி ராஜி அக்கா போன் எடுத்தார். உங்கள் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை செங்கலடியிலிருந்து பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். அவர் எடுத்து வைத்த பைலில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. உங்கள் சம்பளச் சீட்டுகளும் இருந்தன.

கடைசி மாதச் சீட்டை எடுத்தவள், பெயர் உங்களுடையதுதானா என்று மறுபடி பார்த்தேன். என்னுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட. மேலதிக நேரத்துக்குக் கிடைத்த காசு அல்ல, அடிப்படைச் சம்பளமே அப்படித்தான்.

இருவருக்கும் அதே டிப்ளோமா, அதே வேலை. நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் நீங்கள் வந்தீர்கள். புது இரத்தப் பரிசோதனை மெஷின் வந்தபோது கொழும்புக்குப் போய்ப் பழகி வந்தவள் நான், அதை உங்களுக்குக் காட்டித் தந்தவளும் நான். டெங்குக் காலத்தில் உன்னிச்சைக்கு இரத்தம் எடுக்கப் போனோமே, ஆளுக்குப் பாதியாக வரிசையைப் பிரித்துக்கொண்டு? அன்று என் வரிசைதான் முதலில் முடிந்தது.

ஒரு தடவை நான் வாய்விட்டே கேட்டேன்.

"அண்ணன், உங்களுக்கு எவ்வளவு தாறாங்க?"

நீங்கள் குழாய்களுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை.

"எல்லாருக்கும் ஒரே கதைதான் புள்ள. உனக்குள்ளதுதான் எனக்கும்."

நான் நம்பினேன். சீட்டைப் பார்த்த நாளிலிருந்து உங்கள் நல்ல குணம் ஒவ்வொன்றையும் கிண்டிப் பார்க்கிறேன். மழை நாட்களில் என் ஆட்டோவுக்கு நீங்கள் காசு கொடுத்தீர்கள். என் மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்தீர்கள். அதெல்லாம் பாசமா, இல்லை மனசு உறுத்தியதாலா? செத்துப்போன ஒருவரின் பாசத்தைச் சந்தேகிப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முடியவில்லை அண்ணன்.

ராஜி அக்கா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"அவர் உனக்குச் சொல்லல்லையா?"

"இல்லக்கா."

"ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு அவருக்குக் குடுத்த சம்பளக் கடிதத்தில எழுதியிருந்ததாம். உனக்கும் கூட்டிக் குடுக்கச் சொல்லி டொக்டரிட்ட ஒருக்கா கதைச்சதெண்டு சொன்னவர்."

"மெய்யாவா?"

"அவர் சொன்னதுதான். நான் கூடப் போய்ப் பாக்கல்லியே புள்ள."

அது உண்மையா? இல்லை, என்னை ஆற்றுவதற்காக அக்கா சொன்னதா? அதையும் இன்றுவரை நான் முழுசாக நம்பவில்லை.

முறைப்பாடு சொல்ல அரசாங்கத் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார். "சட்டம் சொல்ற குறைஞ்ச சம்பளத்தில ஆம்பிள பொம்பிள வித்தியாசம் இல்ல. ஆனா தனியார் இடத்தில அதுக்கு மேல ஆருக்கு எவ்வளவு குடுக்கிறாங்க எண்டு பிடிச்சுக் கேக்கிறதுக்கு நேரான சட்டம் இல்ல தங்கச்சி. எழுத்தில ஆதாரம் வச்சு உங்கட முதலாளியிட்டயே கேளுங்க" என்றார்.

ஆதாரம் உங்கள் சீட்டுத்தான். ஆனால் உங்கள் பணிக்கொடை அப்போது டொக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. லேப்பும் அவருடையது, பேனாவும் அவருடையது. அதனால் சீட்டை எடுக்காமல் வெறுங்கையோடு போய்க் கேட்டேன்.

டொக்டர் சிரித்தார். "சேகர் குடும்பகாரன். ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தினவன். உங்கட அவர் உழைக்கிறார்தானே?" பிறகு மெதுவாகக் கேட்டார், "இத உங்களுக்கு ஆர் சொன்னது?"

அக்காவின் பெயரைச் சொல்லாமல் வெளியே வந்தேன். அன்று பின்னேரம் ராஜி அக்கா தானாகவே போன் எடுத்து, நடந்ததைக் கேட்டறிந்தார்.

"சீட்டக் கொண்டு போய்க் காட்டு. என்ட காசு சுணங்கினா சுணங்கட்டும்."

பிரதி எடுத்து டொக்டரின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. பத்து நாள் கழித்து எனக்கு ஒரு கடிதம் தந்தார். உங்களுக்குக் கிடைத்த அதே சம்பளம். ஆனால் கடைசி வரியில், இந்த விபரத்தை வேறெந்த ஊழியருக்கும் தெரியப்படுத்தக் கூடாது.

இனி நான் சொல்லப்போவது வெட்கமான கதை. அந்தக் கடிதத்தை இரண்டு நாள் கைப்பைக்குள் வைத்திருந்தேன். எங்களோடு வேலை செய்யும் காத்தான்குடிப் பிள்ளை றிஸ்னாவைத் தெரியும்தானே, அவள் கேட்டாள்.

"டொக்டர் என்ன சொன்னார் அக்கா?"

"ஒண்டுமில்ல புள்ள. பாப்பம் எண்டார்."

சொல்லும்போது என் தலை குனிந்திருந்தது. உங்களைச் சந்தேகித்த அத்தனை நாளும் நான் வேறு ஆள் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பொய் சொல்ல இரண்டே நாள் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, நோயாளிகள் வரும் முன்பு, றிஸ்னாவையும் எங்கள் லேப்பின் மற்றப் பிள்ளை பவித்ராவையும் பின்னறைக்குக் கூப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே வாவியில் தோணிகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். பவித்ரா அழுதாள். றிஸ்னா அழவில்லை. "எங்க, எனக்கும் ஒரு பேனை தாங்க" என்றாள். எல்லாருக்கும் அதே சம்பளம் வேண்டும் என்று டொக்டருக்கு மூன்று பேரும் சேர்ந்து எழுதி, மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம்.

டொக்டர் ஒரு கிழமை எங்களோடு பேசவில்லை. மெஷினோடு பழகிய மூன்று பேரை ஒரே நாளில் தேடிப் பிடிக்க முடியாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே அடிப்படைச் சம்பளம் என்று கடைசியில் எழுதித் தந்தார். ராஜி அக்காவின் பணிக்கொடையும் வந்தது, மூன்று கிழமை பிந்தி. வங்கியில் தாமதமாம். நான் நம்பவில்லை.

இப்போது உங்கள் இடத்துக்கு ஆள் கேட்டு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். செய்யும் வேலை மாறவில்லை. வேலையின் பெயர் மட்டும் 'பிரிவுப் பொறுப்பாளர்' ஆகியிருக்கிறது. ஆண்களாக இருந்தால் நல்லதாம். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று எழுதிய கைதான் வேலையின் பெயரையும் மாற்றியிருக்கிறது. பெயர் வேறென்றால் சம்பளமும் வேறாகலாம், விளங்குகிறதா அண்ணன்?

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் கதிரைக்கு வருகிறவர், ஆணோ பெண்ணோ, வந்து இருக்கும் முதல் நாளே என் சம்பளம் எவ்வளவு என்று நானாகச் சொல்வேன். பிறகு அவருடையதைக் கேட்பேன். அவர் தலை நிமிரும் வரைக்கும் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சுமதி