சோப்பில் குத்திய திருகாணி

காலையில் துணி துவைக்க உட்கார்ந்தபோது கைக்கு உங்கள் சோப்புத் துண்டு வந்தது. உடம்பெல்லாம் துளை. திருகாணிகளை அதில்தானே குத்தி வைப்பீர்கள். துணியை வாளியிலேயே விட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து எந்த வேலையிலும் நிலையாக உட்கார முடியவில்லை.

அந்தமானுக்கு வந்து கராச்சர்மாவில் குடியேறிய புதிதில் சமையலறை மரச்சுவரில் பாத்திரப் பலகை அடித்தேனே, நினைவிருக்கிறதா? ஆணி ஒவ்வொன்றும் வளைந்தது. தச்சு வேலை முடிந்து வந்த நீங்கள் வாசலில் நின்று சிரித்தீர்கள்.

“ஏட்டி, இது என்ன வாழைத்தண்டா? படாக்கு மரம்.”

“அப்ப நீங்களே அடிங்க.”

“அடிக்கப்பிடாது. முதல்ல சின்னதா துளை போடணும். பொறவு திருகாணியில சோப்பு தேய்க்கணும். கடைசி நாலு சுத்து கையாலதான்.”

பித்தளைத் திருகாணி ஆறு போட்டு மாட்டினீர்கள்.

எல்லாம் தெரிந்தும் நேற்று சுத்தியலை எடுத்துவிட்டேன். நாளை கல்லறைத் திருநாள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரிக்க வரும்போது உங்கள் குழி மட்டும் சிலுவை இல்லாமல் கிடக்குமே என்ற தவிப்பு. மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் மிச்சம் வைத்த படாக்குக் கட்டைகள் இரண்டுதான். இரண்டாவது ஆணியில் குறுக்குக் கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டது.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு பெங்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். “சோடோ பாபி, விடுங்க அண்ணி. டெய்ரி ஃபார்ம் ஏரியா கடையில சிமெண்ட் சிலுவை ரெடியா கிடைக்கும்.”

“தச்சு மேஸ்திரிக்கு சிமெண்டா? எழும்பி வந்து சண்டை போடுவாரு” என்றேன். அவர் சிரித்தார். நான் பிளந்த கட்டையை ஓரமாகச் சாய்த்து வைத்தேன்.

இன்று அந்தச் சோப்பைக் கையில் வைத்தபடியே சமையலறைக்குப் போனேன். பாத்திரங்களைத் தரையில் இறக்கினேன். பலகைத் திருகாணிகளைத் திருப்பினேன். இத்தனை வருட உப்புக் காற்றுக்குப் பிறகும் ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. பலகையைக் குறுக்குக் கட்டையாக அறுத்து, உங்கள் கை டிரில்லால் துளை போட்டு, சோப்பு தேய்த்து, நான்கு திருகாணி முடுக்கினேன். கடைசிச் சுற்று கையால்தான். சிலுவைக்குக் கை கொஞ்சம் குட்டை. பழைய துளைகளும் தெரிகின்றன. நீங்கள் போட்டவைதானே, இருக்கட்டும்.

துணி இன்னும் வாளியில் ஊறுகிறது. அதற்கு வேறு சோப்பு வாங்க வேண்டும். மீந்த இரண்டு திருகாணிகளை இதில் குத்தி வைத்திருக்கிறேன்.